‘முடியல’ என்பதை அளப்பது

காய்ச்சல் வந்தாலும் சரி, கை ஒடிந்தாலும் சரி, நம் வாயில் முதலில் வருவது ஒரே சொல்தான்: “உடம்புக்கு முடியல.” குடத்தைத் தூக்க இயலாததும் ‘முடியல’. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடப்பதும் ‘முடியல’. நோயையும் இயலாமையையும் தமிழ்ப் பேச்சு ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கிறது. மருத்துவ அறிவியல் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கற்றுக்கொண்டு ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. அந்தப் பாடம் பெரும்பகுதி முடக்குவாதத்திடமிருந்து வந்தது.

என் பெரியம்மாவுக்கு அந்த நோய் வந்து பதினைந்து ஆண்டுகள் இருக்கும். ஊரில் சரவாங்கி என்பார்கள். காலையில் எழுந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்காருவார். அரைமணி நேரம் கழித்துத்தான் விரல்கள் மடங்கும். முதலில் பித்தளைக் குடம் பரணுக்குப் போனது, பிளாஸ்டிக் குடம் வந்தது. அதையும் பாதிதான் நிரப்பத் தொடங்கினார். அப்புறம் சொம்பு. ஒருமுறை அவரை மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார் மருத்துவர். “பரவாயில்லைங்க” என்றார் பெரியம்மா. ரத்தப் பரிசோதனையில், வீக்கத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். குறைந்திருந்தது. மருந்து அப்படியே தொடரட்டும் என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் பெரியம்மா மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டினார். அந்தத் தகட்டைக் கிழித்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க அவர் விரல்களுக்கு வலு இல்லை.

அந்த அறைக்குள் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தவறும் செய்யவில்லை. ஆனாலும் அந்த மாத்திரை அட்டை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்கும் அந்த அட்டைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கச் செய்யப்பட்ட முயற்சிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முடக்குவாதம் வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூட்டுகளின் உள்ளே படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பெரும்பாலும் விரல், மணிக்கட்டு, பாதம் போன்ற சிறு மூட்டுகளில் ஆரம்பிக்கும். இடது கைக்கு வந்தால் வலது கைக்கும் வருவதே வழக்கம். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இந்த நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயதில் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே வந்துவிடுவதும் உண்டு. வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறுகின்றன. காலை விறைப்புக்கு அது ஒரு காரணம். மதியம் இரண்டு மணிக்கு மருத்துவர் பார்க்கும் கை, காலை ஆறு மணிக்கு இருந்த கை அல்ல.

இந்த நோயை மருத்துவர்கள் அளக்காமல் இருந்ததில்லை. ரத்தச் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் படிகின்றன என்று பார்த்தார்கள். அதுதான் ஈ.எஸ்.ஆர். எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பை எண்ணினார்கள். மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று குறித்தார்கள். விரல் மூட்டின் சுற்றளவை மோதிர வளையங்களால் அளந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பையைச் சுருட்டி நோயாளியின் கையில் கொடுத்து, அமுக்கும்போது பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். ஐம்பது அடி நடக்க எத்தனை விநாடி என்று கடிகாரம் பிடித்தார்கள். நோயாளியின் அன்றாட வாழ்க்கைக்கு இருந்தது 1949இல் ஸ்டைன்புரோக்கரும் சகாக்களும் வகுத்த நான்கே படிகள். எல்லா வேலையும் செய்ய முடிந்தவர் முதல் படி, படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர் நான்காம் படி. நடுவில் இருந்த இரண்டு படிகளுக்குள் லட்சக்கணக்கானோரின் வாழ்க்கை அடைபட்டுக் கிடந்தது.

1980இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் வேறொரு வழியை முன்வைத்தார்கள். நீண்டகால நோய் உள்ள மனிதர் எதற்கு அஞ்சுகிறார் என்று ஃப்ரைஸ் யோசித்தார். ஐந்து விஷயங்களைச் சொன்னார்: சாவு, வலி முதலான உடல் வேதனை, இயலாமை, மருந்தின் பக்கவிளைவு, செலவு. இதில் ஈ.எஸ்.ஆர். இல்லை என்பதைக் கவனியுங்கள். தன் சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று கவலைப்பட்டு யாரும் இரவில் விழித்திருப்பதில்லை. அந்த ஐந்தையும் அளக்க அவர்கள் ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். அதில் இயலாமையைப் பற்றிய பகுதிதான் இன்று உலகெங்கும் ‘ஹாக்’ என்ற சுருக்கப் பெயரில் புழங்குகிறது.

இருபது கேள்விகள். உடுத்துவது, எழுந்திருப்பது, சாப்பிடுவது, நடப்பது, குளிப்பது, எட்டி எடுப்பது, பிடிப்பது, வீட்டு வேலையும் வெளி வேலையும் என்று எட்டுப் பிரிவுகள். சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா? நிரம்பிய தம்ளரை வாய்வரை தூக்க முடிகிறதா? குழாயைத் திறந்து மூட முடிகிறதா? கடந்த ஒரு வாரத்தை மனத்தில் வைத்து நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: சிரமமில்லை என்றால் 0, கொஞ்சம் சிரமம் 1, மிகுந்த சிரமம் 2, முடியவே முடியாது 3.

மதிப்பெண் போடும் முறையில் இரண்டு நுட்பங்கள் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் உள்ள கேள்விகளின் சராசரியை எடுப்பதில்லை, மிக மோசமான விடையைத்தான் எடுக்கிறார்கள். குழாயைச் சுலபமாகத் திறக்கிறவரால் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை என்றால், அந்த மூடிதான் கணக்கு. அடுத்தது, ஒரு வேலைக்குக் கைத்தடியோ, தடித்த பிடி போட்ட கரண்டியோ, இன்னொரு மனிதரின் கையோ தேவைப்பட்டால், நோயாளி 0 அல்லது 1 என்று குறித்திருந்தாலும் அந்தப் பிரிவுக்கு 2 போடப்படும். ஒருவர் உடுத்துவதற்கு 1, எழுவதற்கு 1, சாப்பிட 0, நடக்க 0, குளிக்க 2, எட்டி எடுக்க 1, பிடிக்க 1, வேலைகளுக்கு 2 என்று குறித்தார் என்று வைத்துக்கொள்வோம். மூடி திறக்க ஒரு கருவி வைத்திருக்கிறார் என்பதால் பிடிப்புக்கான 1, 2 ஆகிறது. கூட்டினால் 9. எட்டால் வகுத்தால் 1.125. இதுதான் அவருடைய ஹாக் எண். பேனாவும் தாளும் ஐந்து நிமிடமும் போதும்.

இந்த எண் எவ்வளவு மாறினால் நோயாளிக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியும்? இதைக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1993இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் முடக்குவாத நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டார்கள். பேசி முடித்ததும், “அவரைவிட நீங்கள் தேவலையா, மோசமா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். ஓரளவு தேவலை என்று சொன்னவருக்கும் எதிரில் இருந்தவருக்கும் இடையே ஹாக் எண்ணில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தார்கள். சுமார் 0.2 என்று வந்தது. இன்று மருந்து ஆய்வுகளில் 0.22 குறைந்தால்தான் செயல்திறனில் மருந்து பயன் தந்தது என்று கொள்கிறார்கள். எந்த இயந்திரமும் சொல்லாத எண் இது. திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப் போல இரண்டு நோயாளிகள் பேசிக்கொண்டதிலிருந்து பிறந்தது.

நோயாளி சொல்வதை எண்ணாக்குவது அறிவியலாகுமா என்று அன்றைய மருத்துவர்கள் பலர் தயங்கினார்கள். ரத்தம் பொய் சொல்லாது, மனிதர் மிகைப்படுத்துவார் என்பது அவர்கள் எண்ணம். அதற்கு வலுவான பதில் நாஷ்வில் நகரிலிருந்து வந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தியோடர் பின்கஸ் 75 முடக்குவாத நோயாளிகளை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலானோரின் செயல்திறன் கடுமையாகச் சரிந்திருந்தது. பலர் வேலையை இழந்திருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் இறந்திருந்தார்கள். யார் இறப்பார்கள் என்பதை முன்கூட்டிக் காட்டியவை எவை என்று பார்த்தபோதுதான் ஆச்சரியம். அன்றாட வேலைகளைப் பற்றிய சாதாரண வினாத்தாள், நடக்க ஆகும் நேரம், பொத்தான்களைக் கழற்றி மாட்ட ஆகும் நேரம் ஆகியவை முன்னணியில் நின்றன. செயல்திறன் மிகவும் குன்றியிருந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் பாதிப் பேரோ அதற்கும் குறைவோதான். இதயத்தின் மூன்று முக்கிய ரத்தக் குழாய்களும் அடைபட்டவர்களின் நிலைக்கு ஒப்பானது அது. அதுவரை ‘வெறும் மூட்டு வலி’ என்று கருதப்பட்ட நோய் இது.

பொத்தான் போடுவதற்கும் சாவுக்கும் என்ன தொடர்பு? நீண்டகால வீக்கம் மூட்டோடு நிற்பதில்லை. ரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் பாதிக்கிறது. உடல் இயக்கம் குறைந்தால் தசை கரைகிறது, தொற்றுகளைத் தாங்கும் சக்தி போகிறது. வறுமை, தனிமை, மனச்சோர்வு எல்லாமே சேர்கின்றன. ஈ.எஸ்.ஆர். இன்று காலை ரத்தத்தில் நடப்பதைச் சொல்கிறது. ‘பொத்தான் போட முடியவில்லை’ என்ற விடையோ உடல் இத்தனை ஆண்டுகளாகப் பட்ட எல்லாவற்றின் மொத்தக் கணக்கு. 1993இல் அமெரிக்க மூட்டுவாதவியல் மருத்துவர் அமைப்பு மருந்து ஆய்வுகளுக்கென்று ஏழு அளவீடுகளைத் தேர்ந்தெடுத்தபோது, அவற்றில் மூன்று நோயாளியே சொல்ல வேண்டியவையாக இருந்தன: வலி, நோய் பற்றிய அவரது ஒட்டுமொத்த மதிப்பீடு, செயல்திறன்.

ஆனால் ஒரே எண் இரண்டு வேறு கதைகளைச் சொல்லக்கூடும். நோய் தொடங்கி ஆறு மாதமான ஒருவரின் ஹாக் 1.5 என்றால், அது பெரும்பாலும் வீக்கத்தால் வந்தது. சரியான மருந்து கொடுத்தால் சட்டென இறங்கும். இருபது ஆண்டு நோயாளியின் 1.5 எலும்பு அரித்துப் போனதால் வந்தது. எந்த மருந்தும் அதைப் பெரிதாகக் குறைக்காது. ஆகவே இந்த எண்ணைப் பார்த்து மட்டும் மருந்தை மாற்ற முடியாது. இன்னொரு குறையும் உண்டு. லேசான பாதிப்பு உள்ளவர்கள் எல்லாக் கேள்விகளுக்கும் 0 போட்டுவிடுவார்கள். ஊசியில் நூல் கோக்கத் தடுமாறும் தையற்காரர் தம்ளரைத் தூக்குவார், குழாயைத் திறப்பார். தாளின்படி அவருக்கு ஒன்றுமில்லை. அவர் பிழைப்போ போய்க்கொண்டிருக்கும்.

இங்கேதான் முக்கியமான கேள்வி எழுகிறது: இவை யாருடைய கேள்விகள்? ஸ்டான்ஃபோர்டு தாளில் இறைச்சியைக் கத்தியால் வெட்டுவது பற்றிக் கேட்கிறார்கள். புதிய பால் அட்டைப்பெட்டியைத் திறப்பது, தொட்டிக் குளியல், கார்க் கதவு, தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் வீட்டைச் சுத்தம் செய்வது, தோட்ட வேலை எல்லாம் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் இவைதான் அன்றாடம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணிடம் குளியல் தொட்டியில் இறங்க முடிகிறதா என்று கேட்டால் என்ன விடை வரும்? அவர் இறங்கியதே இல்லை. ‘முடியாது’ என்று குறிப்பதா, காலியாக விடுவதா?

2002இல் டெல்லி மருத்துவர்கள் இந்திய வடிவம் ஒன்றைச் சோதித்து வெளியிட்டார்கள். பன்னிரண்டு கேள்விகள். தொட்டி போய்விட்டது. புடவை, சல்வார், வேட்டி கட்டுவது வந்தது. கழிப்பறையில் குந்தி உட்காருவதும் தரையில் சம்மணம் போடுவதும் வந்தன. ஆட்டோ ரிக்‌ஷாவில் ஏறி இறங்குவது, காய்கறிச் சந்தைக்குப் போய் வாங்கி வருவது, மூன்று கிலோமீட்டர் நடப்பது எல்லாம் வந்தன. இதை வெறும் மொழிபெயர்ப்பு என்று சொல்ல மாட்டேன். குந்தி உட்கார முழங்காலும் கணுக்காலும் இடுப்பும் முழுவதுமாக மடங்க வேண்டும். மேல்நாட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்து எழ அவ்வளவு தேவையில்லை. அதே முழங்கால் அங்கே ‘கொஞ்சம் சிரமம்’, இங்கே ‘முடியாது’. கேள்வி மாறினால் மூட்டின் மதிப்பும் மாறுகிறது.

அந்தப் பன்னிரண்டும்கூட என் பெரியம்மாவின் நாளை முழுவதும் தொடவில்லை. ரசம் சோற்றைக் கையால் பிசைந்து உண்பதற்குக் கட்டைவிரலும் மற்ற நான்கும் ஒருசேர இயங்க வேண்டும். அவர் கரண்டிக்கு மாறியபோது வீட்டில் யாரும் அதை நோயோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஈரத்துணி பிழிவது, அரிவாள்மணையில் உட்கார்ந்து தேங்காய் துருவுவது, பேத்திக்குத் தலை பின்னிவிடுவது, ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே கோலமாவை இழையாக விடுவது. கோலம் நின்றுபோனதைத்தான் அவர் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பாகச் சொன்னார். வாசலில் ஒட்டும் பிளாஸ்டிக் கோலத்தை மருமகள் வாங்கி வந்து ஒட்டிய அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படி ஆளுக்கு ஆள் மாறுவதைப் பிடிக்கவும் ஒரு முயற்சி நடந்தது. 1987இல் கனடாவின் பீட்டர் டக்வெல்லும் சகாக்களும் வெளியிட்ட முறையில் தயார் கேள்விகளோடு ஆரம்பிப்பதில்லை. “இந்த நோயால் எந்தெந்த வேலைகள் தடைப்படுகின்றன? அவற்றில் எது முதலில் திரும்பி வர வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?” என்று நோயாளியிடமே கேட்டு, அவர் சொன்ன வரிசையை எழுதிக்கொள்கிறார்கள். சிகிச்சைக்குப் பின் அந்த வரிசை எவ்வளவு மாறியது என்று பார்க்கிறார்கள். மருந்தின் பயனைக் கண்டுபிடிப்பதில் இது நல்ல கூர்மை காட்டியது. என்றாலும் பரவலாகவில்லை. ஒருவரின் கோலத்தையும் இன்னொருவரின் மிதிவண்டியையும் எப்படிக் கூட்டி வகுப்பது? ஆயிரம் பேரை ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும். ஒரே மனிதரைப் புரிந்துகொள்ள அவருக்கே உரிய அளவுகோல் வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு முன்னது சரி. ஊர் மருத்துவரின் மேசைக்குப் பின்னதுதான் வேண்டும் என்பது என் எண்ணம்.

வலிக்கான அளவுகோல் இதைவிட எளிது, ஒரு பக்கத்தில் இதைவிடச் சிக்கல். நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. இடது முனை வலியே இல்லை, வலது முனை தாங்க முடியாத வலி. எங்கே இருக்கிறீர்கள் என்று புள்ளி வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். ஒரு ரூபாய் வலி இருந்ததில் எத்தனை பைசா குறைந்திருக்கிறது என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். அளவுகோல் என்பது இரு பக்கத்துக்கும் புரிகிற பேச்சாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளக்கப்படுவது வலியல்ல, எழுத்தறிவு.

2002இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கூட்டம் நடந்தது. முடக்குவாத மருந்து ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்ய 1992இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் தொடங்கிய ‘ஓமெராக்ட்’ என்ற அமைப்பின் ஆறாவது மாநாடு. பத்து ஆண்டுகளாக மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் மட்டுமே உட்கார்ந்து பேசிய அந்த அரங்கில், முதல்முறையாகப் பதினோரு நோயாளிகள் கலந்துகொண்டார்கள். உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டபோது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று எந்தப் பட்டியலிலும் இல்லை: அசதி. உழைத்துக் களைத்த அசதி அல்ல, தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. முன்னறிவிப்பில்லாமல் வந்து, பாதி வேலையில் ஆளைக் கீழே உட்கார வைக்கும். வலியைவிட இதுவே பெரிதென்று சிலர் சொன்னார்கள்.

நோயாளிகள் எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டில் சொன்னார்கள், சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்கினார்கள். மருத்துவரிடம் சொன்னார்கள், ரத்தசோகையாக இருக்கும் என்று இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வந்தார்கள். தாளில் அதற்கென்று கட்டம் இல்லாததால் அது காற்றில் போனது. அந்த மாநாட்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்குள், இனி வரும் எல்லா முடக்குவாத ஆய்வுகளிலும் இயன்றவரை அசதியையும் அளக்க வேண்டும் என்று ஓமெராக்ட் பரிந்துரைத்தது. பதினோரு பேர் ஓர் அறைக்குள் வந்தது நோயின் வரையறையையே அகலப்படுத்தியது.

அதன் தொடர்ச்சிதான் ஐரோப்பாவில் லோர் கோசெக் என்ற பிரெஞ்சு மருத்துவரும் குழுவினரும் உருவாக்கிய ‘ரெய்ட்’ என்ற அளவுகோல். பத்து நாடுகளிலிருந்து பத்து நோயாளிகளை அழைத்து, நோய் வாழ்க்கையில் எங்கெல்லாம் கை வைக்கிறது என்று பட்டியல் போடச் செய்தார்கள். அந்தப் பட்டியலை மேலும் பல நோயாளிகள் தரம் பிரித்தார்கள். கடைசியில் ஏழு நின்றன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பதையும் நோயாளிகளே தீர்மானித்தார்கள். வலிக்கு நூற்றில் 21, செயல்திறனுக்கு 16, அசதிக்கு 15. தூக்கம், உடல்நலம், மனநலம், நோயைச் சமாளிக்கும் திறன் ஆகிய நான்குக்கும் தலா 12. செயல்திறனுக்கும் அசதிக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். இந்த ஒரு புள்ளியைத்தான் நான் எல்லோரிடமும் காட்ட நினைக்கிறேன். வேலை செய்ய முடியவில்லை என்றால் வீடே பதறுகிறது. அசதி என்றால் யார் பதறுகிறார்கள்?

அளவுகோலில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்து மருந்தே கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும். நோயின் வேகத்தைக் கணக்கிட மருத்துவர்கள் இன்று அதிகம் பயன்படுத்துவது 28 மூட்டுகளின் கணக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டு, கை விரல்கள், முழங்கால். பாதமும் கணுக்காலும் அதில் இல்லை. எண்ணச் சுலபமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இந்த நோய் பலருக்குப் பாதத்தில்தான் ஆரம்பிக்கிறது. செருப்புப் போட முடியாமல் ஒருவர் தத்தித் தத்தி வரலாம், அவருடைய 28 மூட்டுக் கணக்கு அமைதியாகவே இருக்கலாம். பிரிட்டனில் பல ஆண்டுகள், அந்தக் கணக்கை வைத்துப் போடும் நோய் மதிப்பெண் 5.1ஐத் தாண்டினால்தான் விலை உயர்ந்த உயிரியல் மருந்துகளை அரசுச் செலவில் தருவார்கள். 2021இல்தான் மிதமான நோய் உள்ளவர்களுக்கும் கதவைத் திறந்தார்கள்.

நோய் அடங்கிவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்பதிலும் இதே இழுபறி. 2011இல் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் சேர்ந்து வகுத்த விதிப்படி வலிக்கும் மூட்டு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, வீங்கிய மூட்டும் அப்படியே, ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி. குறைவாக இருக்க வேண்டும், நோயாளியே தன் நிலைக்குப் பத்தில் 1க்கு மேல் போடக் கூடாது. நான்கும் ஒருசேர நிறைவேற வேண்டும். மூட்டெல்லாம் அமைதியாக இருந்தும், நோயாளி 2 என்று குறித்ததாலேயே ‘அடங்கவில்லை’ என்று ஆனவர்கள் பலர். 2022இல் அந்த வரம்பை 2 ஆக உயர்த்தினார்கள். நோயாளியின் மதிப்பெண்ணையே எடுத்துவிடலாம் என்ற வாதமும் இருக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய எலும்புச் சிதைவாலோ மனச்சோர்வாலோ வரும் வேதனைக்கு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் நோயாளிக்கு ஆபத்துதான் மிஞ்சும். அதற்காக அந்த எண்ணைத் தூக்கி எறிந்தால் வேதனை இருப்பதே கண்ணில் படாது. வீக்கத்தை அடக்குவது ஓர் இலக்கு, வாழ்க்கையைத் திருப்பித் தருவது இன்னோர் இலக்கு, இரண்டையும் தனித்தனியே பின்தொடர வேண்டும் என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான்.

இப்போது மணிக்கட்டில் கட்டும் கருவிகளும் வந்துவிட்டன. எத்தனை அடி நடந்தார், எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தார் என்று நாள் முழுக்கக் குறித்துக்கொள்கின்றன. நோய் திடீரென முற்றும் நாள்களை நடை குறைவதிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்று பிரான்சில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. மறதிக்கும் கூச்சத்துக்கும் அங்கே இடமில்லை என்பது நல்லதுதான். ஆனால் இன்று இவர் ஏன் நடக்கவில்லை என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. முழங்கால் வலியா, மழையா, வீட்டில் விருந்தாளிகளா?

கடைசியாக ஒரு சிக்கல். இதற்கு இதுவரை யாரும் முழு விடை கண்டதாகத் தெரியவில்லை. பெரியம்மாவின் பாதிக் குடத்துக்கு வருகிறேன். “தண்ணி தூக்க முடியுதா?” என்று இன்று கேட்டால் “தூக்குறேனே” என்பார். சொம்பில் தூக்குகிறார். ஐந்து ஆண்டுக்கு முன்பு ‘மிகுந்த சிரமம்’ என்று சொல்லியிருப்பார். மூட்டு தேறவில்லை, அவர் மனத்துக்குள் இருந்த அளவுகோல் நகர்ந்துவிட்டது. ‘பழகிடுச்சு’ என்று நாம் சொல்வது இதைத்தான். ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்து, நோயாளியிடம் இன்றைய நிலையோடு அன்றைய நிலையையும் இப்போது மதிப்பிடச் சொல்லி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தப் பார்க்கிறார்கள். ஆனால் பழகிப்போவது வெறும் அளவுப் பிழையா? நோயோடு வாழக் கற்றுக்கொண்ட மனிதரின் சாதனையும் அதில் இருக்கிறது. அதே நேரம், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்ட மனிதரின் மௌனமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் பிரித்துக் காட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, “முன்னாடி எப்படிச் செய்வீங்க, இப்ப எப்படிச் செய்றீங்க?” என்று கேட்கத்தான் வேண்டும்.

போன மாதம் இந்த வினாத்தாள்களைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இந்திய வடிவத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். புடவைக்குக் ‘கொஞ்சம் சிரமம்’. சந்தைக்கு ‘இப்பல்லாம் போறதில்லையேப்பா.’ தரையில் சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா என்றதும் யோசித்தார்.

“உக்காந்துடுவேன். எந்திரிக்கத்தான் யாராச்சும் வந்து கை குடுக்கணும். இதை எதுல எழுதுவே?”

நான்கு கட்டங்களையும் மறுபடி படித்தேன். எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை.

“யாராச்சும் இருந்தா முடியும்னு ஒரு கட்டம் இல்லையா?”

ஸ்டான்ஃபோர்டு தாளை எடுத்துக் காட்டினேன். கேள்விகளுக்குக் கீழே, இன்னொருவர் உதவி வேண்டியிருக்கிறதா என்று தனியே கேட்டிருக்கிறார்கள்.

“அதைக் கேட்டிருக்காங்களா!” என்றார். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் அவரே குறி போட்டார்.